உப்புத் தண்ணீரில் கேட்ட சத்தம்

என் தலைக்குள் ஒரு சத்தம் இருந்தது, அதை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் படுத்திருந்தபோதுதான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறி, "அப்புறம்?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வேலைக்குத் திரும்பிவிட்டேன். மேலுதட்டின் இடது ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. அதுவும் முழுதாகச் சரியாவதற்குள், அதிர்ச்சி ஆறிப்போய் எல்லாம் சாதாரணமாகத் தோன்றுவதற்குள், நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோமதி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை இடது காதில் ஹெட்செட். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். என் கணவர் செல்வராஜ் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பவர். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே தண்டவாளம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவோம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத்தான் அது வேடிக்கை. மகள் யமுனா உயர்நிலைப் பள்ளியில் படிவம் மூன்று படிக்கிறாள். ரயில் ஓயும் நேரத்தில் அவளுடைய கேசட் பாடும். சத்தமில்லாத இடம் என்று ஒன்றில் நான் பிறந்ததிலிருந்து இருந்ததே இல்லை என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

அந்த வருடம் எனக்கு இடது காதுக்குப் பின்னால் அடிக்கடி வலித்தது. ஹெட்செட் அழுத்துகிறது என்று நினைத்தேன். லைனில் ஓர் இரைச்சல் இருப்பதுபோலவும் இருந்தது. டெக்னீஷியனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஹெட்செட்டை மாற்றிக் கொடுத்தார். இரைச்சல் போகவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "லைன் கிளீனா இருக்கு அக்கா, நானே கேட்டுப் பார்த்துட்டேன்," என்றார். அதற்குமேல் அவரை எப்படித் தொந்தரவு செய்வது? விட்டுவிட்டேன்.

என் கணவரின் தங்கை ராணி அப்போதுதான் புதிய வேலையில் சேர்ந்திருந்தாள். ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டுத் திரும்பிய லிம் என்பவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் மிதக்கும் தொட்டி வைத்திருந்தார். கீழே பல் டாக்டர், மேலே இவர். பெரிய முட்டையைப் படுக்கவைத்ததுபோல் ஃபைபர் தொட்டி, அதற்கு ஒரு மூடி. உள்ளே கெண்டைக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் மூட்டை மூட்டையாக ஒருவகை உப்பைக் கரைத்திருப்பார்கள். நீச்சல் தெரியாதவர்கூடத் தக்கைமாதிரி மேலேயே மிதப்பார். தண்ணீரின் சூடு உடம்பின் சூட்டோடு ஒன்றாக இருக்கும். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அப்படிக் கிடந்தால் மனசும் உடம்பும் ஓய்வெடுக்குமாம். வெளிநாட்டில் இதற்குக் காசு கொடுத்துப் போகிறார்களாம். இங்கே எட்டிப் பார்க்க ஆளில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த ராணிக்குச் சும்மா இருப்பதே வேலையாக இருந்தது.

"அண்ணி, நீங்க எப்பப் பார்த்தாலும் தலைய பிடிச்சிக்கிட்டே இருக்கீங்க. ஒரு வாட்டி வந்து படுத்துப் பாருங்க. பாஸ்கிட்ட கேட்டுட்டேன், ஃபிரீதான்," என்றாள்.

"மூடிப்போட்டு மூடுவாங்களா? சவப்பெட்டி மாதிரி?"

"ஐயோ அண்ணி, நீங்களே கையால தள்ளினா திறந்துக்கும் லா. நான் வெளியவே உக்காந்திருப்பேன்."

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து போனேன். குளித்துவிட்டு, காதில் மெழுகுபோன்ற அடைப்பானை வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்டிருந்த சின்ன வெட்டு உப்பில் சுருக்கென்று எரிந்தது. பயந்துகொண்டேதான் மல்லாந்தேன். தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டது. மூடியை இழுத்தேன்.

முதலில் கழுத்து இறுகிப்போய்க் கிடந்தது. பிறகு மெல்ல விட்டது. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. விரலின் எரிச்சலும் அடங்கியது. தோல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிலை. நன்றாகத்தான் இருந்தது. ரயில் இல்லை, மணி அடிக்கும் போன் இல்லை. அட, இதுவா அமைதி என்று நினைத்த நேரத்தில்தான் அது கேட்டது.

ஷ்ஷூ... ஷ்ஷூ... ஷ்ஷூ...

சிமெண்டுத் தரையை யாரோ விளக்குமாற்றால் நிதானமாகப் பெருக்குவதுபோல. நிற்காமல். ஒரே தாளத்தில்.

தொட்டியின் பம்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன். அமைதிக்கென்று கூப்பிட்டுவிட்டு இப்படி ஒரு பம்பை ஓட்டுகிறார்களே என்று கோபம் வந்தது. மூடியைத் தள்ளிவிட்டு எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு ராணியைக் கூப்பிட்டேன். "உங்க பாஸை அந்தப் பம்பை அடைக்கச் சொல்லு. காது குடையுது."

ராணி போய்ச் சொன்னாள். லிம் கதவுக்கு வெளியே நின்றபடியே, "நோ பம்ப் லா, ஆன்டி! ஆள் உள்ளே இருந்தா பம்ப் ஆஃப்!" என்று கத்தினார். நான் நம்பவில்லை என்று தெரிந்ததும் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கதவு இடுக்கில் ஆட்டிக் காட்டினார்.

மறுபடி உள்ளே போய்ப் படுத்தேன். மூடியைச் சாத்திய உடனே அது அங்கேயே இருந்தது. ஷ்ஷூ... ஷ்ஷூ...

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் இடது பக்கம் மட்டும்தான். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். இதயம் துடிக்கும் அதே தாளம். தலையை ஒரு பக்கம் திருப்பினால் குறைந்தது. விரலால் கழுத்தின் இடது பக்கத்தை அழுத்தினேன். சத்தம் நின்றது. விரலை எடுத்தேன். வந்தது. அழுத்தினேன், நின்றது. எடுத்தேன், வந்தது.

இருட்டில் நான் தனியாக இல்லை என்பதுபோல் ஒரு பயம் பிடித்தது. எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. ராணிதான் துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். லிம் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். எல்லோருக்கும் உள்ளே அவரவர் இதயம் கேட்குமாம், அது நல்லதாம்.

கம்பெனி கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, அழுக்கு இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். "வேலை டென்ஷன்," என்றார். எனக்கும் அப்படியே இருந்துவிடட்டும் என்றுதான் ஆசை. ஆனால் ராணி விடவில்லை. நான் வந்த மறுநாள் அவளும் தொட்டிக்குள் படுத்துப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு டுப் டுப்புன்னு லேசாத்தான் கேட்டுச்சு அண்ணி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. நீங்க சொல்ற மாதிரி பெருக்குற சத்தம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரில காட்டிடுவோம்," என்றாள். அவளே லீவு போட்டு அரசாங்க மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

அங்கே நீளமான பெஞ்சுகள். முன்னால் மூக்கில் பஞ்சு அடைத்த பையன், பக்கத்தில் இஸ்லாமியப் பாடம் நடத்தித் தொண்டை கட்டிப்போன ஓர் உஸ்தாஸ். என் முறை வந்ததும் கேட்கும் திறனைச் சோதிக்க கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். சுவரெல்லாம் பஞ்சுமெத்தை. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அறைக்கதவு சாத்தியதும் என்னுடைய சத்தம் வந்துவிட்டது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். சோதிக்கிற பெண் கதவைத் திறந்து, நான் இன்னும் எதையும் போடவே இல்லையே என்றாள்.

டாக்டர் சஹாரா என்ற மலாய்க்காரப் பெண்தான் என்னைப் பார்த்தது. சின்ன வயது. காதுக்குள் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். சத்தம் எப்படி இருக்கும் என்று செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டை என் இடது காதுக்குப் பின்னாலிருந்த எலும்பில் வைத்தார்.

நெஞ்சில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தலையில் வைத்து யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. வெகுநேரம் எடுக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ராணியின் முகம் மாறியதை வைத்துத்தான், எனக்குப் பின்னால் டாக்டரின் முகமும் மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

"புவான்," என்று மலாயில் மரியாதையாக, மெதுவாகக் கூப்பிட்டார். "எனக்கும் கேட்கிறது."

அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை என் காதின் கோளாறு, என் நரம்பின் பிரமை, வேலை அலுப்பு என்று எனக்குள்ளேயே வைத்திருந்த ஒன்று, வெளியிலிருந்து இன்னோர் ஆள் கேட்கக்கூடிய அளவுக்கு நிஜமாக என் தலைக்குள் இருக்கிறது.  அவர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றே அட்மிட் ஆகவேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்கள்.

"உளுந்து ஊறப்போட்டிருக்கேன் டாக்டர்," என்று நான் சொன்னேனாம். ராணி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

போன் போய், என் கணவர் வேலை உடுப்போடு வந்தார். கையில் கிரீஸ். டாக்டர் சஹாரா நடந்ததைச் சொன்னார். என் கணவர் புரியாமல் நின்றதால், ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி வட்டை என் தலையில் வைத்துக் காட்டினார். என் கணவர் எந்தச் சத்தத்துக்கும் அசராத ஆள். எக்ஸ்பிரஸ் ரயில் தாண்டிப்போகும்போது தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று டீ குடிப்பவர். கேட்டதும் ஸ்டெதஸ்கோப்பை அவசரமாகக் கழற்றிவிட்டுப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எத்தினி நாளா உன்கிட்ட இருக்கு?" என்றார்.

"தெரியலங்க."

"நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்?"

வார்டில் என்னைப் படுக்கவைத்த பிறகு வராந்தாவில் ராணியோடு அவர் பேசுவது கேட்டது. பேசவில்லை, கத்தினார். "உப்புத் தண்ணிக்குள்ள போட்டு மூடி வெச்சீங்கள்ல? நல்லா இருந்தவள! யார் உன்ன கூட்டிட்டுப் போகச் சொன்னா?" ராணி அழுதுகொண்டே, "தொட்டியால இல்லண்ணே," என்றாள். "இனிமே என் வீட்டுப் பக்கம் வராத," என்றார் அவர். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருத்தி வந்து இருவரையும் அடக்கினாள். எனக்கு எழுந்துபோய்ச் சொல்லத் தெம்பில்லை. மல்லாந்தபடியே கிடந்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. காதில் ஷ்ஷூ, ஷ்ஷூ.

சோதனைகள் தொடங்கின. முதலில் ஸ்கேன். அதில் சரியாகத் தெரியவில்லை. பிறகு ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்துவரை ஏற்றி, மருந்து பாய்ச்சிப் படம் எடுப்பது. மருந்து பாயும்போது முகத்தின் ஒரு பாதியில் வெந்நீரை ஊற்றியதுபோல் சூடு ஏறும். வாயில் இரும்புச் சுவை. கண்ணுக்குள் மின்னல் அடிக்கும். அசையக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. முடிந்ததும் தொடைமேல் மணல்பையை வைத்து, காலை மடக்காமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். யமுனா பள்ளி உடுப்போடு வந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். சின்ன வயதில் நான் அவளுக்கு ஊட்டும்போது செய்வதுபோலவே, அவளும் என் வாயோடு சேர்ந்து தன் வாயைத் திறந்து மூடினாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

அந்த உளுந்தை என்ன செய்தார்கள் தெரியுமா? நான் அட்மிட் ஆன அன்றிரவே அப்பாவும் மகளுமாக அரைத்து, மறுநாள் இட்லி சுட்டு டிபன் கேரியரில் கொண்டுவந்தார்கள். கல் மாதிரி இருந்தது. உப்பே இல்லை. நான் எல்லாவற்றையும் தின்றேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ராணியைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேசப்போனால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

படங்களைப் பார்த்து விளக்கியவர் டாக்டர் குலசிங்கம். பிரிக்பீல்ட்ஸில் பழைய யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆங்கிலத்தில்தான் எல்லாரிடமும் பேசுவார். எங்களிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கோ அம்மா. இருதயத்திலயிருந்து ரத்தம் வேகமாத்தான் வரும். அது சின்னச் சின்னக் குழாயளுக்குள்ள போய் வேகம் குறைஞ்சுதான் திரும்பிப் போற குழாய்க்கு வரவேணும். உங்களுக்கு மூளையை மூடியிருக்கிற சவ்வில ரெண்டும் நேரா ஒட்டிப்போய்க் கிடக்கு. மெயின் பைப்பை நேரா லோங்காங் சாக்கடைக்குள்ள திறந்துவிட்ட மாதிரி. அந்த இரைச்சல்தான் உங்களுக்குக் கேக்கிறது. விளங்குதோ?"

"விளங்குது டாக்டர்," என்றேன்.

"சத்தம் மட்டும் எண்டால் நான் பேசாமல் விட்டிருப்பன். உங்களுக்கு அந்த ரத்தம் பின்னால திரும்பி மூளைப் பக்கம் தள்ளுது. அங்க உள்ள குழாய் மெல்லிசு. அவ்வளவு வேகத்தைத் தாங்காது."

என் கணவர், "தாங்கலேன்னா?" என்றார்.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "உள்ளுக்கு ரத்தம் கசியும். இண்டைக்கும் நடக்கலாம். பத்து வருசம் போயும் நடக்காமல் இருக்கலாம். நான் பொய் சொல்ல ஏலாது."

எனக்கு அழுகை வரவில்லை. வேறு யாரைப் பற்றியோ சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தது. மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். பாசாரில் மீனுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். யமுனாவைத் திட்டியிருக்கிறேன். அத்தனை நேரமும் அது அங்கே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. தும்மினால், இருமினால், கோபப்பட்டால் உடைந்துவிடுமோ என்று அன்றுமுதல் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

என் கணவர் திடீரென்று கேட்டார். "டாக்டர், உப்புத் தண்ணித் தொட்டில படுத்ததாலதான வந்துச்சு?"

டாக்டருக்கு முதலில் என்ன தொட்டி என்றே புரியவில்லை. நான் விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது தண்ணியில படுத்து வாறதில்லை. எப்ப வந்தது, ஏன் வந்தது எண்டு எனக்கே தெரியாது. எத்தினையோ காலமா இருந்திருக்கலாம். வெளிச் சத்தத்தில உங்களுக்கு விளங்கேல்லை. தொட்டிக்குள்ள வேற சத்தம் இல்லாததால கேட்டிருக்கு. அவ்வளவுதான்."

என் கணவர் தலையாட்டினார். ஆனால் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. லிம்கூட ஒருநாள் ஆரஞ்சுப் பையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்துக் கிடந்தது. என் கணவரைப் பார்த்ததும் பையை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சிகிச்சையும் ஆஞ்சியோகிராம் போலத்தான். அதே வழியாகக் குழாயை ஏற்றி, இந்தமுறை அந்த ஒட்டிப்போன இடம்வரை கொண்டுபோய், பசைபோன்ற ஒரு மருந்தை விட்டு அடைப்பது. பசை தவறான இடத்துக்குப் போனால் கை கால் விழலாம், முகம் கோணலாம், காது போகலாம். எல்லாவற்றையும் சொன்னார்கள். டெலிபோன் ஆபரேட்டருக்குக் காது போனால் என்ன மிச்சம் என்று நினைத்தேன். பிறகு, உயிரே போகலாம் என்கிறபோது காதைப் பற்றி யோசிக்கிறேனே என்று என்மேலேயே வெட்கமாக இருந்தது.

அறை ரொம்பக் குளிர். எல்லோரும் கனமான ஏப்ரன் போட்டிருந்தார்கள். என் நெற்றியைப் பட்டையால் கட்டினார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. நான் விழித்திருந்து பேச வேண்டும், கை காலை அசைத்துக் காட்ட வேண்டும் என்று டாக்டர் குலசிங்கம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"பயப்பிடாதேங்கோ. நான் கேக்கக் கேக்கச் சொன்னால் போதும். இப்ப கேக்குதோ?"

"கேக்குது டாக்டர்."

"ரெண்டு குழாய் அங்க போகுது. முதல் ஒண்டை அடைக்கிறன். நோகும்."

நொந்தது. காதுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து அழுத்தியதுபோல. கத்தக்கூடாது, தலை அசையக்கூடாது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸியின் கையை என்ன பாடுபடுத்தினேனோ தெரியாது.

"இப்ப?"

"கேக்குது. ஆனா தள்ளிப் போயிட்ட மாதிரி இருக்கு. அடுத்த ரூம்ல கேக்குற மாதிரி."

"நல்லது. மற்றதுக்குப் போறன்."

அதற்கு வெகுநேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டார்கள். திரையை நான் பார்க்கமுடியாது. மறுபடி அந்த வலி. இந்தமுறை கன்னம்வரை இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"கோமதி. இப்ப கேக்குதோ?"

நான் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் கவனித்துப் பார்த்தேன். குளிர்சாதனத்தின் ஓசை கேட்டது. யாருடைய செருப்போ தரையில் கீச்சிட்டது. உலோகத் தட்டில் எதையோ வைத்தார்கள். அது மட்டும் எங்கேயும் இல்லை.

"கோமதி? சொல்லுங்கோ."

இல்லை டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். "இழ்ழ" என்று வந்தது. உதடு என் சொல்லைக் கேட்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் ஒரேடியாக அமைதியானார்கள். அந்த அமைதியைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மற்ற கை. தூக்கினேன். காலை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். சிரிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் சிரித்தேனோ! அவர் மூச்சை விட்டது முகமூடிக்குள்ளேயும் கேட்டது.

"முகத்து நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கு. மூளைக்கு ஒண்டும் இல்லை. இது பெரும்பாலும் திரும்பி வரும்," என்றார்.

வெளியே செய்தி சொன்னபோது என் கணவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாராம். யமுனா சொன்னாள்.

அதன்பிறகு சில நாட்கள் தலை பிளந்துவிடும்போல் வலித்தது. கஞ்சி உதட்டு ஓரத்தில் வழியும். என் கணவர் துடைப்பார். தலை பின்னத் தெரியாத மனிதர், சிக்கெடுத்து ஏதோ ஒரு பின்னல் போட்டுவிடுவார். சத்தம் இல்லாத காதைப் பழக்கிக்கொள்ளவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. தூங்கி எழுந்தால் முதலில் அதைத்தான் தேடுவேன். இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் காலை பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலை முழுக்க மழித்துக் கட்டுப்போட்டிருந்தது. கண் திறக்கவில்லை. மூக்கில் குழாய். என்னைவிடச் சின்னவள். அவள் பெயர் லெட்சுமி, ஊர் கிள்ளான். கணவர் சந்திரன் லோரி ஓட்டுபவர். சட்டைப் பொத்தான் மாற்றிப்போட்டிருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்குத் தோன்றவில்லை. மூளையில் ரத்தக்கசிவு, மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று மிஸ்ஸி சொன்னாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாளாம்.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்களுக்கு என்னா அக்கா?"

என் கணவர் எனக்காகச் சொன்னார். காதில் சத்தம் கேட்டதையும், தலைக்குள் ரத்தக்குழாய் ஒட்டிப்போய் இருந்ததையும், அடைத்துவிட்டார்கள் என்பதையும். சந்திரன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை நான் பார்த்தேன்.

"காதுல சத்தமா?" என்றார். "இவளும் சொன்னாளே அக்கா. ரம்பம் அறுக்குற மாதிரி கேக்குதுன்னு. அப்பா வூட்டுக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னா. நான்தான்... சும்மா உக்காந்திருந்தா அப்படித்தான் கேக்கும், ரேடியோவ சத்தமா வையின்னு சொன்னேன்."

 அவளுக்கும் இதுவேதானா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் என் கணவர் எழுந்துவிட்டார். கால்சட்டைப் பையில் சில்லறையைத் தேடிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். பொதுத் தொலைபேசி எங்கள் வார்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. எண்ணைச் சுழற்றிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.  பிறகு, "ராணி, அண்ணன்தான்," என்றார். தோள் குலுங்கியது. "வாம்மா. உங்கண்ணி உன்னத்தான் கேக்குறா."

நான் கேட்டிருக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ராணி வந்தாள். என் கணவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு, கோப்பி வாங்கிவருகிறேன் என்று போனார். வாங்கிவந்த கோப்பியை முதலில் அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டாள்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய நாளில், என் கணவரும் யமுனாவும் பையைக் கட்டிக்கொண்டு டாக்சி பிடிக்கக் கீழே போயிருந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சந்திரன் தன் மனைவியின் கையைப் பிடித்தபடி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். லெட்சுமி முந்தைய நாள் ஒருமுறை கண்ணைத் திறந்திருந்தாள். யாரையும் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

"அக்கா," என்றார். "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க தம்பி."

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? அவ சொல்லி சொல்லிக் காட்டுனா. நான் கவனிக்கல."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மரத்துப்போன உதட்டைக் குவித்தேன். முதல்முறை வெறும் காற்றுதான் வந்தது. விரலால் உதட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி செய்தேன்.

ஷ்ஷூ... ஷ்ஷூ... ஷ்ஷூ...

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிறுத்தட்டுமா என்று நான் தயங்கியபோது, நிறுத்த வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார். டாக்சி வந்துவிட்டது என்று யமுனா வந்து கூப்பிடும்வரை நான் அவருக்கு அதைச் செய்துகாட்டிக்கொண்டே இருந்தேன்.